மஞ்சள் பட்டை

திங்கட்கிழமை காலை கடையின் நாலாவது அலமாரியில் பிஸ்கட் அடுக்கப் போனபோதுதான் ரொசாந்தா அதைப் பார்த்தாள். கோகோ பிஸ்கட்டின் விலை காட்டும் சின்ன மின்திரையில் ஒரு மஞ்சள் பட்டை. அதில் 'நோன்புக்கு ஆகும்' என்று எழுத்து. பாக்கெட்டின் பின்பக்கத்திலோ கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய்க்கு அடுத்தபடி பால் பவுடர் என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. போன வருஷம் வரை அதில் பால் கிடையாது. கம்பெனிக்காரன் செய்முறையை மாற்றிவிட்டான். பெல்கிரேடில் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து திரைகளுக்கு எழுத்து அனுப்புகிற புண்ணியவானுக்கு அது தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கி நாலாம் நாள். ஊரில் பாதிப் பேர் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை.

முன்பெல்லாம் இது ஒரு நிமிஷ வேலை. அட்டையை உருவி, மார்க்கரால் புதிதாக எழுதிச் செருகிவிடுவாள். கோடையில் அலமாரி நெடுக இந்தச் சின்னத் திரைகள் வந்தபின் எல்லாம் பெல்கிரேடிலிருந்தே மாறின. கடைக்குள் யாரும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டக் கூடாது. ஒட்டிய ஒருத்தியை அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ரொசாந்தா மேலாளர் ஸ்வெஸ்தானிடம் போய்ச் சொன்னாள். அவன் அவள் கண்ணெதிரேயே தலைமை அலுவலகத்துக்குப் புகார் தட்டிவிட்டான்.

"மாத்துவாங்க, போ."

"எப்போ?"

"மாத்தும்போது."

"அதுவரைக்கும் பாக்கெட்டையாவது உள்ள எடுத்து வச்சிடட்டுமா?"

"அலமாரி காலியா இருந்தா அதையும் அங்கேர்ந்து கேப்பான். ஒனக்கு ஜனவரியில கையெழுத்து இருக்குல்ல? வாய மூடிட்டு வேலையப் பாரு. பிஸ்கட் தின்னு எவனும் நரகத்துக்குப் போனதில்ல."

ரொசாந்தாவுக்கு மூன்று மாத ஒப்பந்தம். ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு அந்த ஊரில் வேறு வேலையை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்? வாயை மூடிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு ஸ்தாமெனா வந்தாள். ரொசாந்தாவின் பக்கத்து வீட்டுக்காரி, புருஷன் இல்லாதவள். ஒரே மகன் மிலுதினுக்குத் தலைக்குள் கட்டி. வியாழக்கிழமை நிஷ் நகர ஆஸ்பத்திரியில் அறுவை. அவன் கண் விழிக்கும்வரை உயிருள்ளதிலிருந்து வந்த எதுவும் நாக்கில் படாது என்று நேர்ந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் மீன் தின்னும் நாளில்கூட அவள் தொடவில்லை. நோன்புக்கு முன்னாலிருந்தே பீன்ஸும் ரொட்டியும் தின்று முகம் வற்றிப்போயிருந்தது.

"இந்தத் திரை வந்தது நல்லதாப் போச்சுடி. கண்ணாடி இல்லாமயே படிக்க முடியுது," என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் பட்டையைத் தடவிப் பார்த்து, கோகோ பிஸ்கட் இரண்டு பாக்கெட் எடுத்தாள். "மிலுதினுக்கு உசிரு இது. அவன நெனச்சு நான் தின்னுக்கிறேன்."

ரொசாந்தா வாயைத் திறந்தாள். வரிசையின் கோடியில் ஸ்வெஸ்தான் நின்றுகொண்டிருந்தான். சாயங்காலம் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் போகவும் போனாள். ஜன்னல் வழியே பார்த்தால், ஸ்தாமெனா புனிதர் படத்துக்கு விளக்கேற்றிவைத்து, எதிரே உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பாக்கெட் முடிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிலுவை போட்டுக்கொண்டாள். இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது? ரொசாந்தா கதவைத் தட்டாமல் திரும்பினாள். கடவுளுக்கு பிஸ்கட்டைப் புரட்டிப் பார்க்கிற வேலையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அறுவை முடிந்தது. மிலுதின் கண் விழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டான். முப்பத்து நாலு வயது.

கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு, ஊர் வழக்கப்படி அவன் படத்தோடு, கடைக் கண்ணாடிக் கதவில் ஏறியது. அதைக் கிழிக்க ஸ்வெஸ்தானுக்குத் துணிவில்லை. அந்தக் கடையில் ஒட்ட விட்ட ஒரே காகிதம் அதுதான்.

அடுத்த வாரம், ஏழாம் நாள் சாப்பாட்டுக்கு முந்தின நாள் மதியம், ஸ்தாமெனா கறுப்பு முக்காட்டோடு வந்தாள். நோன்புக் காலம், சாவுப் பந்தியும் நோன்புப் பந்தியாகத்தான் இருக்க வேண்டும். நேரே நாலாவது அலமாரிக்குப் போய் நின்றவள் நகரவில்லை. போன புதன்கிழமையே பெல்கிரேடில் திருத்திவிட்டிருந்தார்கள். விலை இருந்தது. மஞ்சள் பட்டை இல்லை.

"ரொசாந்தா, இங்க ஒரு பட்டை இருந்துச்சே?"

"அது... பேட்டரி தீந்திருக்கும்க்கா."

ஸ்தாமெனா ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். "எனக்குப் பொடி எழுத்து தெரியாது. நீ படிச்சுச் சொல்லு."

ரொசாந்தா வாங்கிப் புரட்டினாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பொம்பிளை இன்று சாயங்காலமே கிணற்றைத் தேடுவாள். சொல்லாவிட்டால் செத்தவன் பந்தியில் பால் ஏறும். திங்கட்கிழமை ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டும் வேண்டியிருக்காது. அவள் தன்னையே மனதுக்குள் அறைந்துகொண்டாள்.

"கோதுமை மாவு," என்று படித்தாள். "சர்க்கரை. எண்ணெய்." அடுத்த வார்த்தையைத் தாண்டினாள். "கோகோ. உப்பு."

"பால்?"

"இல்லக்கா."

ஸ்தாமெனா பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இத்தன நாளா தூக்கமில்லடி. எதையோ தப்பாத் தின்னு நேர்ச்சைய முறிச்சுட்டேனோ, எம்புள்ளைய நானே கொன்னுட்டேனோன்னு... நீ சொன்னாப் போதும். உன்னத் தவிர நான் யாரக் கேப்பேன்?" எட்டு பாக்கெட் எடுத்துக் கூடையில் போட்டாள்.

மறுநாள் கல்லறையில் பாதிரியார் மந்திரம் சொல்லி முடித்தார். வீட்டில் நீளப் பலகையில் இனிப்புக் கோதுமை, பீன்ஸ், மீன், நடுவில் தட்டு நிறைய கோகோ பிஸ்கட். தன் பங்குக்கு ரொசாந்தாவும் அந்த நோன்பை முறிக்காமல் இருந்தவள்தான். ஸ்தாமெனா முதல் பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"எம்புள்ளைக்காக நீதான் முதல்ல."

"கடவுள் அவன் ஆத்துமாவ மன்னிக்கட்டும்," என்று சொல்லி ரொசாந்தா வாயில் போட்டுக்கொண்டாள். பாலின் ருசி நன்றாகவே தெரிந்தது. பாதிரியாரும் ஒன்றை எடுத்தார். தட்டு கை மாறிப் பந்தி முழுக்கப் போயிற்று.

ஸ்தாமெனா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கா?"

"நல்லாருக்குக்கா," என்று விழுங்கினாள் ரொசாந்தா.

"அப்ப இன்னொண்ணு எடுத்துக்கோ."