செத்து மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும்

1
இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடம் சுட்டது. "இதை எழுதித் தொலைக்காதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். சத்தியம் செய்யும்போதே மனசுக்குள் தலைப்பு வைத்துவிட்டேன்.

நிலாவிலிருக்கும் பள்ளங்களுக்குப் பெயர் வைக்கும் குழுவின் அலுவலகத்தில் அக்காவுக்கு வேலை. பெயரைப் பேராசிரியர்கள் முடிவு செய்வார்கள். அந்த ஆள் நிஜமாகவே செத்துவிட்டாரா என்று பார்ப்பது அக்கா. செத்து மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி.

2
முதல் தொடக்கம்: 'அன்று நிலா வெண்மையாக…' (சீ! வேறெப்படி இருக்கும்?)

இரண்டாவது: செத்தவர் ஒருவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

(இது தேவலை.)

3
அவர் தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி தேய்த்தவர். நாற்பது வருடம். அதில் பார்த்தவர்களுக்கெல்லாம் விருது; இவருக்கு முதுகுவலி. அக்கா போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்தன. அவர் மகள் வீட்டுக்குக் குடிபோனது தெரியாமல், இறந்து நாலு வருடம் என்று கோப்பில் எழுதிவிட்டாள்.

(நாலு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "மூணுன்னா சந்தேகப்படுவாங்கடி.")

4
பள்ளங்களுக்குப் பரிசீலனையில் இருக்கும் பெயர்களின் பட்டியலைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்."

"ஐயோ சார், மன்னிச்சிடுங்க. இப்பவே பேரை எடுத்துடறேன்."

"எடுத்துடாதேன்னு சொல்லத்தாம்மா கூப்பிட்டேன்! நீ எழுதினது அப்படியே இருக்கட்டும். நான் வெளியில தலைகாட்ட மாட்டேன்."

பின்னாலிருந்து அவர் மனைவி: "செத்தவருக்கு எதுக்கு ஒரு நாளைக்கு நாலு காபி?"

"உயிரோட இருக்கறவங்க பேரை வைக்கக் கூடாது சார்."

"சரி, எடுத்துடு. நான் நிஜமாவே போய், மூணு வருஷம் கழிச்சு, ஞாபகம் வெச்சிருந்து யாரும்மா போடுவா?"

"லைன்லயே இருங்க சார்" என்றாள் அக்கா. என்னிடம் சொல்லும்போதுகூட அழுதாள். மறுநாள் காலை குழுவில் வாக்கெடுப்பு.

5
முடிவு அ: அக்கா உண்மையைச் சொல்கிறாள். பெயர் போகிறது. (யோக்கியமான முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: வாயைத் திறக்கவில்லை. யாரோ கண்டுபிடிக்கிறார்கள், அவள் வேலை போகிறது. (அம்மா என் தோலை உரித்துவிடுவாள்.)

முடிவு இ: எழுதுகிறவள் நான்தானே! மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், கோப்பில் இருப்பது உண்மையாகிவிடும். 'நாலு வருடத்துக்கு முன் ஒரு மதியம், அவர்…'

மூன்று தடவை முயன்றேன். கை வரவில்லை. மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறார்.

நீங்கள் முடிக்கிறீர்களா? அந்த வரியைப் பாதியிலேயே விட்டிருக்கிறேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

"ஹலோ? யாரும்மா லைன்ல?"