துடைத்து வைத்த சூரியன்

சித்தூரில் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துத் திருப்பதிக்கு மாலை நேர இயற்பியல் வகுப்புக்கு வருகிறவள் கேசியா. அங்கேயே ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தால் இந்த அலைச்சல் தீரும். இருந்தது ஒரே இடம். வகுப்பெடுக்கும் பத்மாவதி மேடம் இரண்டு பேரைப் போட்டியில் விட்டிருந்தார். சூரியனின் துருவத்தருகே உள்ள இருண்ட பகுதியை விண்கலம் சில விநாடிக்கு ஒருமுறை எடுத்த படங்களில் பாதி கேசியாவுக்கு, பாதி அதே வகுப்புக்கு நகரியிலிருந்து வரும் ஸ்ரீஹரிக்கு. அங்கே பீறிடும் பிளாஸ்மா ஜெட்டுகளை, அதாவது கொதிக்கும் வாயுத் தாரைகளை, தேடிக் குறிக்க வேண்டும்.

கேமராவில் விண்வெளித் துகள் மோதினாலும் அந்த ஒரு படத்தில் மட்டும் வெள்ளைக் கீறல் விழும். அதனால் கேசியா முதலில் படங்களைச் சுத்தம் செய்தாள். நீடித்து நிற்காத எதையும் அழித்தாள். இரண்டு மூன்று படங்களில் மட்டும் நூல்போல எழும்பி மறைந்த கீற்றுகள் ஏராளம். இவையும் ஜெட்டோ என்று கை ஒரு கணம் நின்றது. வகுப்பில் காட்டிய ஜெட்டுகள் பல நிமிடம் நிற்பவை. எல்லோரும் விட்டதையா நான் பார்த்துவிடப் போகிறேன் என்று அவற்றையும் துடைத்தாள். 'ஜெட் எதுவும் இல்லை' என்று அறிக்கை கொடுத்தாள்.

ஸ்ரீஹரி எதையும் துடைக்கவில்லை. சோம்பல். வந்த படத்தை வந்தபடியே கொடுத்துவிட்டான். அதில்தான் மேடம் கண்டார்: ஒரு நிமிடத்துக்குள் பிறந்து மறையும் குட்டி ஜெட்டுகள், கூட்டம் கூட்டமாக.

"நீ பாக்கவே இல்லியா கேசியா?"

"பாத்தேன் மேடம். கோளாறுன்னு நெனச்சி அழிச்சிட்டேன்."

"என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பாரோ என்றுதான் கேட்கவில்லை.

வேலை ஸ்ரீஹரிக்குப் போனது. "கேசியாவுக்குப் பொறுமை ஜாஸ்தி. அவளே உக்காந்து இந்த ஜெட்டுங்களக் குறிச்சிக் குடுக்கட்டும்," என்றார் மேடம். பரீட்சை மார்க் மேடம் கையில். கேசியா உட்கார்ந்தாள்.

ஸ்ரீஹரி முறுக்கைக் கடித்தபடி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். "சும்மா குந்திக்கினு கீறன்னு எங்க நைனா திட்டிக்கினே இருப்பாரு. இனிமே அதுக்குப் பேரு ஆராய்ச்சின்னு சொல்லிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கீற்றில் நிறுத்தினாள். முந்தின படத்தில் அது இல்லை. அடுத்த படத்திலும் இல்லை.

"இது ஜெட் இல்ல ஸ்ரீஹரி. கேமராவுல அடிச்சது."

"நீ எல்லாத்தையும் அப்டிதான் சொல்லுவ. இன்னுமா புத்தி வரல?" என்றவன் குரலை உயர்த்தினான். "மேடம், இத்த எடுத்துடச் சொல்றா!"

மேடம் தலை நிமிரவில்லை. "மறுபடியும் அழிக்கக் கெளம்பிட்டியாமா? வெச்சிடு."

மூன்று படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினால் யாருக்கும் புரியும். தான் சொல்வது சரிதானா என்ற சந்தேகம் முதல்முறையாக அவளுக்குத் துளியும் இல்லை. ஆனாலும் அந்தக் கீறலைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டாள். 'ஜெட்' என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.