டி டிரைவின் வேலி

நான் ஓய்வு பெற்ற நில அளவையாளர். வலிகாமத்தில் நான் சங்கிலி பிடித்து அளக்காத காணி ஒன்று இருக்குமென்றால் அது கீரிமலைக் கடலுக்கு அடியில்தான் கிடக்கும். அண்ணனும் தம்பியும் கத்தியோடு நின்ற வேலிச் சண்டைகளைக் கூட ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் தீர்த்து வைத்திருக்கிறேன். அதனால், கனடாவிலிருந்து மகள் சாருஜா வாங்கித் தந்த கணினியின் டிஸ்க்கைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம் என்று அறிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டுக் கூரை ஒரு முழம் உயர்ந்தது. கறையான் ஏறாத காணி! எட்டிப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரன் இல்லாத காணி!

சி என்ற துண்டில் விண்டோஸும் நான் இறக்கி வைத்த பழைய சினிமாப் படங்களும் இருந்தன. டி என்ற துண்டை மனைவி கேதீஸ்வரிக்குக் கொடுத்தேன்.

"உது உம்மடை சீதனக் காணி. நான் கால் வைக்க மாட்டன்."

"ஓம், பெரிய காணித் தோம்பு எழுதித் தந்திட்டியள்," என்றாள்.

அந்தக் காணியில் அவள் ஒரேயொரு பயிர்தான் செய்தாள். போன மாதம் அவளுடைய தமக்கை சிவக்கொழுந்து மச்சாள் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்க் கல்வெட்டுகளில் இறந்தவர் எல்லாரும் ஒரே ஆள்தான்: அன்பின் உருவம், பண்பின் சிகரம். பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றுவார்கள்.

கேதீஸ் அதற்குச் சம்மதிக்கவில்லை. "என்ரை அக்காவை நான் எழுதுறன்," என்று சமையல் முடிய வந்து குந்துவாள். ஒற்றை விரலால்தான் அடிப்பாள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்து விடும். இடைக்கிடை கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்."

"ஓம் ஓம், பிறகு பாப்பம்."

ஒவ்வொரு நாளும் அவள் கேட்டாள். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு பிறகு இருந்தது.

சாருஜா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "அப்பா, அம்மா எழுதுறதைப் பாக்கப் பிரதி எடுத்து வையுங்கோ. நான் அனுப்பின வெளி டிஸ்க் இருக்கெல்லே?"

இருந்தது. அலுமாரிக்குள், வெளிநாட்டுச் சவர்க்காரங்களுக்கும் சென்ற் போத்தலுக்கும் நடுவில், சுற்றிய பொலித்தீன் கூடக் கழற்றாமல் இருந்தது. கனடாச் சாமானை எடுத்த எடுப்பில் உடைத்துப் பாவிக்க எங்கள் வீட்டில் யாருக்கு மனம் வரும்? நான் டியையே இரண்டாகப் பிரித்து, இ என்று புதுத் துண்டு ஒன்று திறந்து, கேதீஸ் எழுதியதன் பிரதியை அதற்குள் போட்டேன்.

"இனி யோசியாதையும். ஒரு கிணறு வத்தினாலும் மற்றக் கிணறு இருக்கு."

இரண்டு கிணறும் ஒரே வளவுக்குள் கிடப்பது என் மண்டையில் ஏறவில்லை.

நேற்றுக் காலை சி நிறைந்து சிவப்புக் கோடு காட்டியது. ஒரு படத்தையாவது அழிக்க மனமில்லை. பக்கத்தில் டியும் இயும் வெறுமையாகப் பரந்து கிடந்தன. இரண்டு வேலியையும் பிடுங்கி எல்லாவற்றையும் ஒரே காணியாக்கினால் என்ன? வேலியைப் பிடுங்கினால் உள்ளே நிற்கிற பனை சாகுமா? நின்ற இடத்திலேயே நிற்கும். நாற்பது வருட அனுபவம் அப்படித்தான் சொன்னது. எல்லாம் அழிந்துவிடும் என்று கணினி எச்சரித்தது. வேலி பிடுங்கும்போது இப்படிக் கத்தாத சனம் உண்டா என்று எண்ணி, ஓம் என்று அழுத்தினேன்.

சி கடல் போல விரிந்தது. நான் கை தட்டினேன். பிறகு பனையைத் தேடினேன்.

ஒரு பனையும் இல்லை. பதறிப்போய், அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றை இறக்கி அதே டிஸ்க்கில் போட்டேன். காலடித் தடம் தேடுகிற மண்ணில் உழவு இயந்திரத்தை ஓட்டிய வேலை. நான் பத்து முறை பார்த்து எப்போதோ அழித்த படத்தின் சண்டைக் காட்சி மட்டும் மீண்டு வந்தது. கேதீஸ் எழுதியதில் ஒரு வரியும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"காலமை தொடக்கம் குந்திக்கொண்டிருக்கிறியள். வாசிக்கிறியளோ?"

அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபின் வேறு என்ன சொல்ல?

"ஓம்."

"எப்பிடி?"

"அருமை, கேதீஸ். அருமை."

"எந்த இடம்?"

"கடைசி இடம். அழுதே போனன்."

அவள் என் முகத்தின் பக்கவாட்டைச் சற்றுநேரம் பார்த்தாள். "அச்சகத்து ஜெனிஸ் போன் எடுத்தவன். பின்னேரம் குடுக்க வேணுமாம், இல்லாட்டி அந்தியேட்டிக்கு அடிச்சு முடியாதாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானே எழுதிவிடலாம் என்று துணிந்தேன். புழுகுவதில் எனக்கு நிகர் வல்வெட்டித்துறை வரைக்கும் இல்லை. மச்சாள் பருத்தித்துறைச் சந்தையில் ஒரு சுறாவை அதட்டி விலை குறைத்தார் என்று தொடங்கினேன். அடுத்த வரி வரவில்லை. மச்சாளின் கையால் எத்தனை சோறு தின்றிருக்கிறேன்! அவருக்கு எதில் ஆசை, எதில் பயம், எதற்கு அழுதார், ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தவள் எழுதி வைத்ததை நான் பிடுங்கி எறிந்திருந்தேன்.

எழுந்து குசினிக்குப் போனேன். கேதீஸ் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கேதீஸ், நீர் எழுதினது போட்டுது. நான்தான் அழிச்சுப்போட்டன்."

துருவலை நின்றது.

"மற்றக் கிணறு?"

"அதுவும்."

"அப்ப அருமை எண்டது?"

"நான் வாசிக்கேல்லை. ஒரு நாளும் வாசிக்கேல்லை."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாதித் தேங்காயைக் கீழே வைத்தாள். கறன்ட் போனது, பூனை மிதித்தது என்று அதுவரை சோடித்து வைத்திருந்த கதைகளெல்லாம் எனக்குள்ளேயே நாறின.

பிறகு கை கழுவினாள். ஜெனிஸுக்குப் போன் எடுத்து, "தம்பி, நாளைக்குக் காலமை தாறன்," என்றாள். அலுமாரியைத் திறந்து கனடா டிஸ்க்கை எடுத்துப் பொலித்தீனைப் பல்லால் கிழித்தாள்.

"கணினியிலை குத்துங்கோ இதை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் அடியுங்கோ."

அடித்தேன். கோழி காய்ச்சலில் கிடந்தபோது அதைத் தன் பாயில் படுக்க வைத்த சிறு பெண் வந்தாள். இடம்பெயர்ந்தபோது தங்கையின் தையல் மெசினைத் தலையில் சுமந்த பெண் வந்தாள். இடையில் ஓர் இடத்தில் கேதீஸ் நிறுத்தி யோசித்தாள்.

"இல்லை, முதல் எழுதினது இதைவிட நல்லாயிருந்தது. வருகுதில்லை."

நான் அடுத்த வரிக்குத் தட்டினேன்.

"சரி, எழுதுங்கோ. என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு அக்கா குசினிக்குள்ளை வந்து சொன்னவ: 'பெடியன் வாய் துறந்தால் புழுகு. ஆனால் புழுகேக்கை காது சிவக்குது. பயப்பிடாமல் கட்டு.'"

என் கை தானாகக் காதுக்குப் போனது. சுட்டது.

"ஊர் முழுக்க வாசிக்கப் போகுதப்பா."

"வாசிக்கட்டும்."

"உண்மையைச் சொல்லும். உது முதலிலையும் இருந்ததோ?"

"வாசிச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும்," என்றாள். "அடியுங்கோ."