கொடியில் துணி இல்லாத திங்கட்கிழமை

பிக்கர்ஸ்கில் எங்கள் தெருவுக்குக் குடிவந்து ஆறு மாதமாகிறது. வந்த நாளிலிருந்து அந்த மனிதர் பசை வாளியும் தூரிகையுமாகத்தான் அலைகிறார். கசாப்புக் கடைக் கதவில் ஒரு சர்க்கார் சுவரொட்டி, பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று, எங்கள் தெருமுனைச் சுவரில் மட்டும் மூன்று. எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதான்: வாயை மூடு, எதிரி கேட்கிறான், உன் பேச்சால் கப்பல் மூழ்கும். படத்தில் இருப்பதென்னவோ எப்போதும் பொம்பளைகள். கூடையும் தொப்பியுமாக இரண்டு பேர் குசுகுசுவென்று பேசுவார்கள், பின்னால் ஒரு ஜெர்மன்காரன் ஒட்டுக் கேட்பான். மதுக்கடையில் நாலு கிளாஸ் உள்ளே போனதும் ஊருக்கே கேட்கக் கத்துகிற ஆம்பளைகளை ஒருத்தரும் வரைவதில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் எங்கள் தெருவில் யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் ஆண்கள் எல்லாருமே கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன்பிடிக் கப்பல்களில் இருந்தவர்கள். சண்டை வந்ததும் கடற்படை அந்தக் கப்பல்களை எடுத்துக்கொண்டு, மீனுக்குப் பதில் கண்ணிவெடி வாரச் சொல்லிவிட்டது. என் புருஷன் வில்ஃபும் அதில்தான் போகிறான். என்றைக்குப் புறப்பாடு என்று என்னிடம் சொல்வான். நான் செத்தாலும் வெளியே சொல்ல மாட்டேன்.

போன திங்கட்கிழமை காலை. பளீரென்று வெயில், நல்ல காற்று. வில்ஃப் புகையிலை வாங்கப் போயிருந்தான். நான் வாசற்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிக்கர்ஸ்கில் நான்காவது சுவரொட்டியை ஒட்டி முடித்துவிட்டு, தெருவை ஒரு நோட்டம் விட்டார்.

"என்ன மிஸஸ் கேவுட், கொடியெல்லாம் காலியாக் கிடக்கு? இன்னைக்குக் கப்பல் கிளம்புதாக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? ஆறு மாசமாப் பாக்கறேனே. திங்கட்கிழமைன்னா ஊரே துவைக்குது. உங்க தெருவுல மட்டும் துணி இல்லேன்னா அன்னைக்கு மத்தியானம் கப்பல் போகுது." பெருமையாகச் சிரிப்பு வேறு.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புருஷன் கடலுக்குப் போகிற நாளில் வீட்டில் துணி துவைக்கக் கூடாது. துவைத்தால் அவனை நாமே தண்ணீரில் விட்ட மாதிரி. என் அம்மா துவைத்ததில்லை, நானும் துவைத்ததில்லை. அது ஊருக்கு அடிக்கிற தண்டோரா என்று ஒருத்திக்கும் தோன்றவில்லையே! எங்கள் தெருக்கோடி மேட்டில்தான் ரயில் போகிறது, அதிலிருந்து பார்த்தால் கொடியெல்லாம் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவன் யார் எவன் என்று யாருக்குத் தெரியும்? வெளியூர்க்காரரான இந்தப் பசைவாளிக்கே புரிந்துவிட்டதென்றால் வேறு யாருக்குத்தான் புரியாது?

பக்கத்து வீட்டு ஐவியிடம் ஓடினேன். அவள் புருஷனும் வில்ஃபின் கப்பல்தான்.

"ஐவி, எதையாவது எடுத்துக் கொடியில போடுடி. மத்தவளுங்களையும் போடச் சொல்லு." விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்குப் பைத்தியமா ஈனிட்? எங்கம்மா ஒரு தடவை ஒரே ஒரு காலுறையைத் துவைச்சா. அப்பா திரும்பி வரவே இல்ல."

"உங்கப்பா ஆத்துக்கு அக்கரையில ஹல்லுல இன்னொருத்தியோட குடித்தனம் நடத்தறது ஊருக்கே தெரியும்டி! அவரு எங்க முழுகினாரு?"

"எப்படியோ வரலையில்ல?"

"சரி, துவைக்க வேண்டாம். காஞ்ச துணியையாவது தொங்க விடேன்."

"கொடியில ஏறினாலே துவைச்ச கணக்குதான். அவ்வளவு தைரியம் இருந்தா நீ மொதல்ல போடு. அப்புறம் நாங்க போடறோம்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் பயம்தான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். துவைத்தால் என் கையாலேயே அவனை முழுக வைக்கிறேன், துவைக்காவிட்டால் எதிரிக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். கடலைவிட ஜெர்மன்காரனுக்குத்தான் கண் இருக்கிறது என்று முடிவு செய்தேன். வில்ஃபின் நீலச் சட்டையை எடுத்துத் தொட்டியில் போட்டேன். அலசிப் பிழிந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தெருவுக்குக் குறுக்கே கட்டின கொடியின் நடுவில் மாட்டினேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வில்ஃப் திரும்பி வந்தான்.

சட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடி இது?"

சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வீடு தள்ளி ஒரு புது ஆள் நிலக்கரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். இதற்கு முன் அவனை நான் பார்த்ததில்லை. மூட்டையைத் தோளில் வைத்தபடியே எங்களையே பார்த்தான்.

"என்னன்னா? இன்னைக்குத் திங்கட்கிழமை. துவைக்காம வேற என்ன பண்ணுவாங்களாம்?" என்றேன்.

வில்ஃப் வாசலில் இருந்த பையை எடுத்துத் தோளில் போட்டான். எப்போதும் என் தோளைத் தட்டிவிட்டுப் போவான். அன்று தட்டாமல் போனான்.

அவன் முனை திரும்புவதற்குள் ஓடிப்போய்க் காதில் சொல்லியிருக்கலாம். "வில்ஃப்!" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பான். ஆனால் கடலுக்குக் கிளம்பினவனைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. ஒன்றை மீறியாகிவிட்டது, இரண்டாவதை மீற எனக்கு நெஞ்சில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பின்னால் ஐவி ஒரு போர்வையைக் கொண்டுவந்து அழுதுகொண்டே மாட்டினாள். எதிர் வீட்டிலும் மாட்டினார்கள். மத்தியான ரயில் போனபோது எங்கள் தெரு மற்றத் தெருக்களைப் போலவே இருந்தது.

இன்று வெள்ளி. நேற்றே வந்திருக்க வேண்டிய கப்பல். ஐவி என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீலச் சட்டை காய்ந்து, இஸ்திரி போட்டு, அவன் நாற்காலியில் கிடக்கிறது. வரட்டும் அவன். பையைக் கீழே வைப்பதற்கு முன்னால், வாசலிலேயே நிற்க வைத்து, தெருவே கேட்கிற மாதிரி கேட்கப் போகிறேன்: ஒரு சட்டையை நம்பினியே மடையா, என்னை நம்பக் கூடாதா?