அறுபத்துநாலு

அண்ணனும் தங்கையும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தால் வீட்டுச் சண்டை ஆபீசுக்கு வரும், ஆபீஸ் சண்டை வீட்டுக்குப் போகும். இவர்கள் இருவரும் நெட்வொர்க் பிரிவு. ஒரு நாள் பட்டப்பகலில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அண்ணன் முகவரிப் பட்டியலை மாற்றிவைக்க, இருநூறு டெலிபோன்கள் ஊமையாகிவிட்டன. திட்டு வாங்கியது தங்கைக்காரி. "உன்கூட வேலை செய்யறதே எனக்கு அவமானம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அரை மணி கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. எடுக்காமல் கட் செய்தாள். அடுத்த போன் போலீசிடமிருந்து வந்தது.

மூன்று மாதம் ஆயிற்று.

"அண்ணன் லேப்டாப்போட முகவரி சும்மாதானேம்மா கிடக்கு? வாசல் கேமராவுக்குக் கொடுத்துடு" என்றார் மேலாளர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், பாவம்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டு எண் மாதிரி ஒரு முகவரி உண்டு. ஒன்றினுடையதை இன்னொன்றுக்குக் கொடுக்குமுன் 'பிங்' அனுப்பிப் பார்ப்பது இவர்கள் வழக்கம். 'இருக்கியா?' என்று கேட்பதுதான் பிங். அங்கே கருவி இருந்தால், அனுப்பியதை ஓர் எழுத்துகூட மாறாமல் திருப்பி அனுப்பும். மூன்று நாள் பதில் இல்லையென்றால் முகவரி காலி என்று அர்த்தம்.

முதல் நாளே பதில் வந்தது.

லேப்டாப் அவள் வீட்டு பீரோவில், பேட்டரி கழற்றிக் கிடக்கிறது. எவனோ விளையாடுகிறான் என்று பல்லைக் கடித்தவள், பதிலின் கடைசியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பதில் கிளம்பும்போது அதில் அறுபத்துநாலு இருக்கும். வழியில் ரூட்டர் என்ற இணைப்புப் பெட்டி ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். இதே அறையிலிருந்து வந்தால் குறையவே குறையாது. இதில் இருந்தது நாற்பத்தொன்று. மறுநாள் நாற்பத்திரண்டு. அதற்கடுத்த நாள் நாற்பத்துமூன்று.

கிட்டே வந்துகொண்டிருக்கிறான்.

பட்டியலில் அவன் வரியை அழித்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். மனசு வரவில்லை. ஆனால் எதற்கு வருகிறான்? போனைக் கட் செய்த கணக்கைத் தீர்க்கவா? பிங்கோடு நாலு எழுத்து சேர்த்தும் அனுப்பலாம். 'கோவமா இருக்கியா?' என்று சேர்த்து அனுப்பினாள். 'கோவமா இருக்கியா?' என்றே திரும்பி வந்தது. அனுப்பியதைத் திருப்புவதுதானே விதி, இதிலிருந்து என்னத்தைத் தெரிந்துகொள்வது? ஆனாலும் தினமும் அதையே கேட்டாள்.

"கேமரா என்னம்மா ஆச்சு?"

"முகவரி இன்னும் காலியாகல சார். பதில் வருது."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அறுபத்துமூன்று வந்த அன்று வீட்டுக்குப் போய் அவள் தூங்கவில்லை. நாளைக்கு ஆபீஸ் அறைக்குள்ளேயே வந்துவிடுவான். காலையில் ஆபீசுக்கு வந்ததும் பட்டியலைத் திறந்து, அவன் வரியைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். பக்கத்தில் அவன் நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்போது திரையில் ஒரு பிங் வந்து விழுந்தது. பதில் அல்ல. அன்று அவள் எதையுமே அனுப்பவில்லை. அவனுடைய முகவரியிலிருந்து, அவளைத் தேடி வந்த கேள்வி. எண் அறுபத்துநாலு.

'கோவமா இருக்கியா?'

அடக் கடவுளே, இதைக் கேட்கத்தான் அன்றைக்குப் போன் பண்ணினானா! அதற்குள் அவளுடைய கம்ப்யூட்டர், விதிப்படி, அந்தக் கேள்வியை அப்படியே அவனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தது. இத்தனை நாளும் அவளுக்குக் கிடைத்த அதே பதில். பாழாய்ப்போன மெஷின் என்று திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே புதிதாக ஒரு பிங் எழுதி அனுப்பினாள்.

'இல்ல.'

பக்கத்து நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது. அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓர் எழுத்துகூட மாறாமல் பதில் வந்தது.

'இல்ல.'