சில்வெஸ்டர் கேட்ட பெரிய எழுத்து

மல்லேஸ்வரத்தில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனியில், 2005 வரைக்கும், இணையப் பக்கங்களுக்கான காலண்டரை ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். கிளினிக்குக்கு ஒன்று, பஸ் டிக்கெட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. ஒன்றில் பிப்ரவரிக்கு முப்பது நாள்கூட இருந்தது. அம்ருதாதான் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே காலண்டரை எழுதினாள். எந்தப் பக்கத்திலும் அப்படியே எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். வெள்ளைப் பின்னணி, பொடி எழுத்து, விடுமுறை நாளுக்கு வெளிர் சாம்பல். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதன் நிறத்தையோ அளவையோ யாரும் தொடக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதம். "ஆளுக்கொரு மாதிரி மாத்தினா, ஒரு தப்பைத் திருத்த நான் பத்து இடத்துக்கு ஓடணும்" என்பாள். அதில் நியாயமும் இருந்தது.

பக்கத்து நாற்காலி சில்வெஸ்டருடையது. ரிச்சர்ட்ஸ் டவுன்காரன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாலு வருஷமாக மதியம் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். அவள் கொண்டுவரும் பிஸிபேளாபாத்தில் பாதி அவனுக்குப் போய்விடும்.

ஒரு நாள் அவன் கேட்டான்: "அம்ருதா, எழுத்து சைஸை மட்டும் வெளியிலேருந்து மாத்தற மாதிரி ஒரு வழி வையேன். கலரையும்."

"எந்த கிளையன்ட் கேட்டாங்க?"

"கிளையன்ட் இல்ல. நாந்தான் கேக்கறேன்."

"உன் ஒருத்தனுக்காகவா? சும்மா சும்னே எதையாவது கேக்காதே, போ."

அவன் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டான். அவளும் அதை மறந்துவிட்டாள்.

அடுத்த மாதம் அவன் கவனித்துக்கொண்டிருந்த கிளினிக் பக்கத்தைத் திறந்தவளுக்குச் சுருக்கென்றது. அவளுடைய காலண்டரையே நகலெடுத்து, எழுத்தை இரண்டு மடங்காக்கி, விடுமுறை நாள்களைக் கறுப்பாக அடித்து வைத்திருந்தான். திங்கட்கிழமை மீட்டிங்கில், எல்லாருக்கும் முன்னால், அவள் அதைத் திரையில் போட்டுக் காட்டினாள். "இதுக்குத்தானா ஆறு மாசம் உழைச்சேன்?" மேனேஜர் சிவசங்கரன் அதை அன்றைக்கே எடுக்கச் சொன்னார். சில்வெஸ்டர் அதை எடுத்துவிட்டு அவளுடைய பொடி எழுத்துக் காலண்டரையே திரும்ப வைத்தான். அதன்பின் மதியத்தில் தனியாக வெளியே போய்ச் சாப்பிட்டான்.

மூன்று வாரம் கழித்து கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மூடியிருந்த ஒரு நாளுக்கு முன்பதிவு செய்துகொண்டு முப்பது நோயாளிகள் வாசலில் வந்து நின்றார்களாம். அந்த நாளை விடுமுறையாகக் குறிக்கவேண்டியவனும், சரிபார்த்தவனும் சில்வெஸ்டர்தான். காலண்டரில் பிழை இல்லை, சரிபார்த்தவரின் கவனக்குறைவு என்று அம்ருதா மேனேஜருக்கு மெயில் எழுதினாள். எழுதியது அத்தனையும் உண்மை. அந்த வாரமே அவன் வேலையை விட்டான்.

அவனுடைய சாமான்களை எடுத்துப்போக அண்ணன் ஓஸ்வால்ட் வந்தார். "சில்வெஸ்டர் வரலையா?" என்று அம்ருதா கேட்டாள்.

"தனியா வர முடியல மேடம். உங்ககிட்ட சொல்லலையா அவன்? கண்ணு ஒரு வருஷமா போயிட்டே இருக்கு. கண்ணாடி போட்டாலும் சரியாகாதாம். பெரிசா, கறுப்பா இருந்தா கொஞ்சம் படிப்பான். பொடி எழுத்துன்னா ஒண்ணும் தெரியாது."

அம்ருதா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு மற்ற வேலைகளுக்கு நடுவே மூன்று மாதம் அந்தக் காலண்டரை முழுக்கப் பிரித்து எழுதினாள். உள்ளே கணக்கிடும் பகுதி ஒன்றே; எழுத்தின் அளவு, நிறம், விடுமுறையைக் காட்டும் விதம் எல்லாவற்றையும் பயன்படுத்துகிறவரே வெளியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். எங்கோ ஓரிடத்தில் தப்பு வந்தாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். அவ்வளவு கஷ்டமாகக்கூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனாள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. திரை முழுக்க நாலே நாள்தான் கொள்ளும், அவ்வளவு பெரிது. சில்வெஸ்டர் மூக்கு திரையில் படுமளவு குனிந்தான். நெடுநேரம் பார்த்தான்.

"மஞ்சளா ஏதோ இருக்கு. நம்பர் தெரியல. இப்போ ரெண்டு வாரமாத்தான் இப்படி."

"இன்னும் பெரிசாக்கறேன், இரு."

"வேணாம் அம்ருதா. நல்லா பண்ணியிருக்கே. வேற யாருக்காவது ஆகும்."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "ஏன்டா சொல்லலை? கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே பண்ணியிருப்பேனே."

"தெரியும். கண்ணுன்னு சொன்னா யாருக்கானாலும் பண்ணுவே." அவன் லேப்டாப்பை மெல்ல அவள் பக்கம் தள்ளினான். "நான் கேட்டேங்கறதுக்காகவே நீ பண்ணுவேன்னு நெனச்சேன்."

மெயிலைப் பற்றி மன்னிப்புக் கேட்கத்தான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அதைச் சொல்ல இப்போது வாய் வரவில்லை. உள்ளேயிருந்து ஓஸ்வால்டின் மனைவி கோமளம் காபி கொண்டுவந்து வைத்தாள். அது அப்படியே ஆறியது.

கிளம்பும்போது அவன் சுவரைத் தொட்டபடி கேட் வரைக்கும் வந்தான். அவள் "வரேன்" என்றதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கோபம் என்று நினைத்து அவள் நகர்ந்தாள்.

"நகராதே. நேரா பார்த்தா நீ மறைஞ்சுடறே. இப்படி ஓரமா பார்த்தாத்தான் கொஞ்சம் தெரியறே."

அவள் அசையாமல் நின்றாள். அவன் தெருவின் மறுகோடியைப் பார்ப்பவன்போல நின்று, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.