பதினேழாம் நம்பர் ஓட்டம்

காலை ஐந்து மணிக்கு, பதினேழாம் நம்பர் பஸ்ஸின் முதல் நிறுத்தத்திலிருந்து ஒரு மனிதர் ஓட ஆரம்பிப்பார். அடுத்த நிறுத்தம் வந்ததும் நிற்பார். பத்து எண்ணும் நேரம் நிற்பார். ஏறுவதற்கும் யாரும் இல்லை, இறங்குவதற்கும் யாரும் இல்லை. பிறகு பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ஓடுவார்.

அவர் பதினேழாம் நம்பரின் டிரைவர். பதினான்கு வருஷமாக அதே தடம், இருபத்திரண்டு நிறுத்தம். ஆனால் இப்போது கொஞ்ச நாளாக வண்டி அவர் கையில் இல்லை. கால்கள் மட்டும்தான் இருக்கின்றன.

தினமும் ஓடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, ஐம்பதைத் தொடப்போகிற ஆளுக்கு இது என்ன புது ஆசை என்று மனைவி கேட்டாள். ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருப்பவள். எதையும் அளந்துதான் பேசுவாள். டாக்டர் சொன்னாரா என்று கேட்டாள். இல்லை என்றார். யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டாள். அவர் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார். சரி, போய்விட்டு வாங்க என்று பழைய துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் எப்படி ஓடுகிறார் என்ற விவரத்தைக் கொண்டுவந்து சேர்த்தவன் அவள் தம்பி. அவன் அதே பஸ்ஸின் கண்டக்டர். முதல் நடை ஐந்தே காலுக்குக் கிளம்பும், நான்காவது நிறுத்தத்துக்கும் எட்டாவது நிறுத்தத்துக்கும் நடுவில் எங்காவது அவரைப் பிடித்துவிடும். பயணிகள் ஜன்னல் வழியாகக் கையாட்டுவார்கள். தற்காலிகமாக வந்திருக்கும் டிரைவர் மரியாதையாக ஒரு ஹாரன் அடிப்பான்.

"அக்கா, மாமா ஓடல. வண்டி ஓட்டறாரு. ஸ்டியரிங் ஒண்ணுதான் இல்ல."

சும்மா சொல்லவில்லை. மார்க்கெட் முனையில் பஸ் திரும்பும்போது நடுரோடு வரை போய், அகலமாக வளைத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் பன்னிரண்டு மீட்டர் உடம்பு இருக்கிறதே. இவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நடுரோடு வரை ஓடிப் போய் அகலமாகத்தான் திரும்புவார். ஒரு நாள் காய்கறி வேன்காரன் பிரேக் அடித்துத் தலையை நீட்டி, நீ என்ன பஸ்ஸா என்று கேட்டுவிட்டான். இவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓரமாக வந்தார். மறுநாளும் அப்படியேதான் திரும்பினார்.

எதனால் இப்படி ஆனது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒன்பதாவது நிறுத்தமான தபாலாபீஸில், கைத்தடி வைத்திருந்த ஓர் அம்மா பின்வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். மணி இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவை அடித்தால் கிளம்பலாம் என்று அர்த்தம். வண்டி நகர்ந்தது. அந்த அம்மா விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். இரண்டு தடவையும் அந்த அம்மாதான் இவரை உட்காரவைத்து, போகட்டும் விடுங்க தம்பி என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

விசாரணை வைத்தார்கள். மணி சரியாகத்தான் வந்தது, கண்ணாடியில் சரியாகப் பார்க்காதது நான்தான் என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். எச்சரித்து, மறுபடி வண்டியைக் கொடுத்தார்கள். முதல் நாள் எட்டு நிறுத்தம் நன்றாகப் போனது. ஒன்பதாவதில் நின்றது. மணி இரண்டு தடவை வந்தது. பிரேக்கிலிருந்து கால் எழுந்திருக்கவில்லை. மறுபடி மணி வந்தது. எழுந்திருக்கவில்லை. நான்கு நிமிஷம். கடைசியில் பின்னால் வந்த பஸ்ஸில் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த வேறு ஒரு டிரைவர் இதில் ஏறி, இவரை நகரச் சொல்லி, பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

இவர் அதில் ஏறவில்லை. வீட்டுக்கு நடந்தார். யாரோ முதுகையே பார்ப்பது போலிருந்ததால் வேகமாக நடந்தார், அப்புறம் டியூட்டி ஷூவோடு ஓடினார். வீட்டுக்கு வந்தபோது காலில் கொப்புளம், சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்குப் பிறகு முழுசாகத் தூங்கினார். அப்படிப் பிடித்துக்கொண்டது ஓட்டம்.

முதல் நான்கு நிறுத்தம் வரை அந்த அம்மா விழுந்த சத்தம் கூடவே வரும். ஐந்தாவதில் மூச்சு அதைவிடப் பெரிய சத்தம் போட ஆரம்பித்துவிடும். பிறகு தெரு தெருவாக மட்டும் இருக்கும், தூண் தூணாக மட்டும் இருக்கும். அந்த அரை மணிக்காகத்தான் மீதி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர். மூன்று வாரம் லீவில் இருங்க, அப்புறம் ஒரு திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரை உட்காரவைத்து ஒரு நடை ஓட்டிக் காட்டுங்க என்றார். முடியாவிட்டால் கேட்டில் வேலை, உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டியை எழுதுவது. அதுவும் கௌரவமான வேலைதானே என்றும் சொன்னார். கௌரவத்துக்கு என்ன குறை. ஆனால் தினமும் காலையில் தன் பதினேழாம் நம்பர் வேறு ஒருவர் கையில் வெளியே போவதை நேரம் போட்டு எழுத வேண்டும்.

அந்தத் திங்களுக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஓடிவிட்டு வந்தவரிடம் மனைவி கேட்டாள்.

"எதுவரைக்கும் ஓடறீங்க?"

"எட்டு."

"ஒன்பது எங்க போச்சு?"

அவர் துண்டை மடித்தார். நான்காக மடித்தது போதாமல் எட்டாகவும் மடித்தார். அவளுக்கு அது போதும். தம்பியைக் கூப்பிட்டு, நாளைக்கு உனக்கு லீவுதானே, மாமா கூட ஓடு, ஒன்பதாவதைத் தாண்டாமல் இரண்டு பேரும் வீட்டுப்பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் யாரிடமோ இரவல் வாங்கிய ஷூவில் வந்து நின்றான். வாயாடி. பஸ்ஸில் அவன் கதை கேட்பதற்காகவே முன் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு. அன்றைக்கும் முதல் நிறுத்தத்திலேயே, டிக்கெட் எடுத்தாச்சா மாமா என்று ஆரம்பித்தான். மூன்றாவது நிறுத்தத்தில் பேச்சு பாதியானது. ஆறாவதில் பேச்சே இல்லை, கை மட்டும் ஜாடை காட்டியது. எட்டாவதில் டிரைவர் வழக்கம் போலத் திரும்பினார். மச்சினன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் நானூறு மீட்டர் மாமா. அக்கா வாசல்ல நிப்பா."

ஓடவில்லை, நடந்தார்கள். தபாலாபீஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு, ஒரு குப்பைத் தொட்டி, பூட்டியிருந்த ஒரு சின்னக் கடை. அவ்வளவுதான். பகலில் பார்க்கிற அதே இடம்தான். பஸ் வந்தால் தன் இருக்கை எங்கே நிற்குமோ அந்த இடத்தில் டிரைவர் நின்றார். நகரவில்லை.

"கால்ல என்ன மாமா பண்ணுது?"

"காலுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"மணி ரெண்டு தடவை வந்தா கிளம்பணும். பதினாலு வருஷமா அதுதான். இப்ப வந்தா நம்ப முடியல."

"என் மணியவா?"

"உன் மணியத்தான்."

மச்சினன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. டிரைவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு உள் கண்ணாடியில பாத்தேன்டா. முன்னாடி நின்னு ஏதோ கதை சொல்லிட்டிருந்த. பின்வாசலுக்கு முதுகு. கைய மட்டும் பின்னால நீட்டி மணிக் கயிற இழுத்த."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். பாத்துட்டும் வெளிக் கண்ணாடியப் பாக்காம வண்டிய எடுத்தேன். அது என் தப்பு. அதத்தான் எழுதிக் குடுத்தேன்."

"மீதிய எழுதலையே."

"உன் அக்கா மொகத்துல அப்புறம் எப்படி முழிக்கறது?"

மச்சினன் பெஞ்சில் உட்கார்ந்தான். ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். இரண்டு மாதமாக, மாமா பார்த்திருக்கக் கூடாது, பார்த்திருக்கக் கூடாது என்றே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். கதை சொல்வதைக்கூட நிறுத்திவிட்டு, யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதே என்று மறுபடி ஆரம்பித்ததாகவும் சொன்னான்.

"எழுதிக் குடுத்துடறேன் மாமா. காலையிலேயே."

"உன்னை நிறுத்துவாங்க."

"நிறுத்தட்டும். என் கதையக் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போன காதெல்லாம் கொஞ்ச நாள் ஆறட்டும்."

டிரைவர் பெஞ்சுப் பக்கம் வந்தார். அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓட ஆரம்பித்தார். பன்னிரண்டாவது நிறுத்தத்தில் மச்சினன் பின்னாலிருந்து கத்தியபோதுதான், எங்கே வந்திருக்கிறோம் என்று திரும்பிப் பார்த்தார். பத்திலும் பதினொன்றிலும் நிற்க மறந்திருந்தார்.

வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்தேதான் சொன்னார்கள். மனைவி தம்பிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"என் தம்பியக் காப்பாத்தறேன்னு என் புருஷனத் தொலைக்கப் பாத்தீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். சாயங்காலம் அவருடைய டியூட்டி சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினாள். காலரை மட்டும் மூன்று தடவை தேய்த்தாள்.

திங்கட்கிழமை மச்சினன் காகிதத்தைக் கொடுத்தான். மேனேஜர் படித்துவிட்டு, மறு விசாரணை முடியும்வரை வண்டியில் ஏற வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பதினேழாம் நம்பருக்கு வேறு ஒரு கண்டக்டர் வந்தார், ஒரு பெண். முன் சீட்டுக்காரர் ஏதோ கேட்டதற்கு, வேலை நேரத்தில் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் டிரைவருக்குப் பின் இருக்கையில் நோட்டோடு உட்கார்ந்தார்.

எட்டு நிறுத்தம் போனது. ஒன்பதாவதில் நின்றது. நான்கைந்து பேர் இறங்கினார்கள். மணி இரண்டு தடவை அடித்தது. கால் பிரேக்கில் இருந்தது. டிரைவர் வெளிக் கண்ணாடியைப் பார்த்தார். படி காலி. உள் கண்ணாடியைப் பார்த்தார். புதுக் கண்டக்டர் பின்வாசலில் பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், கை கயிற்றிலேயே இருந்தது. கால் மெதுவாக எழுந்தது. வண்டி நகர்ந்தது. யாருக்கும் அது ஒரு செய்தியாகத் தெரியவில்லை.

கடைசி நிறுத்தத்தில் இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். இரண்டு நிமிஷம் தாமதம் என்று மட்டும் சொன்னார். நாளையிலிருந்து வண்டி உங்களுடையது என்பதை டிப்போவில் போய்த்தான் சொன்னார்கள்.

அந்த வாரம் டிரைவர் ஓடவில்லை. ஐந்து மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டுமே. விடுமுறை நாள் வந்தது. நன்றாகத் தூங்கலாம் என்று படுத்திருந்தவரைக் கதவு தட்டும் சத்தம் எழுப்பியது. மனைவி போய்த் திறந்தாள். தம்பி நின்றுகொண்டிருந்தான். அதே இரவல் ஷூ. கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது.

"தூக்கமே வரல மாமா. கண்ண மூடினா கை தானா கயிற இழுக்குது."

டிரைவர் எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஷூவை மாட்டினார். மனைவி இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தாள். அவனை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்க என்று அவரிடம் சொன்னாள். தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

தெருவில் இன்னும் வெளிச்சம் வரவில்லை. டிரைவர் தன் வேகத்தில் பாதிக்கு ஓடினார்.

"இன்னிக்கு எவ்வளவு தூரம் மாமா?"

"உன்னால பேச முடியாம போற வரைக்கும்."

"அப்ப சாயங்காலம் ஆயிடும்" என்றான் மச்சினன்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இரண்டு பேரின் மூச்சு மட்டும் கேட்டது.